மட்டக்குதிரை மேல் விழுந்த பழி

எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது பக்குக்காக. மழைக்காலத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் முதுகில் மயிரோடு சேர்ந்து கட்டிதட்டி நிற்குமே, பிய்த்தால் அடியில் ஈரமாகச் சிவந்து தெரியுமே, அந்தப் பக்கு. வரன் பேச வந்தவர்களிடம் அம்மா, “பொண்ணு டி.என்.ஏ.ல ஆராய்ச்சி பண்றா” என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வாள். சொறி என்ற சொல்லைக் காப்பித் தட்டோடு சேர்த்து நீட்ட முடியாதாம்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. அந்தச் சொறிக்குக் காரணமான கிருமியின் பெயரிலேயே காங்கோ இருக்கிறது, முதலில் அங்கேதான் கண்டுபிடித்தார்களாம். எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியை வளர்த்து, அதன் டி.என்.ஏ.வைப் பிரித்து, ஒரு நொதியால் துண்டு துண்டாக வெட்டி, மெல்லிய கூழ்ப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுவோம். புற ஊதா விளக்கின் அடியில் வைத்தால் ஆரஞ்சு நிறத்தில் கோடுகள் தெரியும். இரண்டு கிருமிகள் ஒரே வம்சமா, வேறு வேறா என்பதைக் கோடுகளின் வரிசை சொல்லிவிடும். மின்சாரம் இருந்தால் சொல்லும். பாதியில் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

மழை அதிகம், மாடும் அதிகம் என்பதால் பேராசிரியர் என்னைக் கொடைக்கானல் பக்கம் அனுப்பினார். வில்பட்டியில் சில மாடுகளுக்கும் ஒரு குதிரைக்கும் சொறி இருப்பதாகக் கேள்விப்பட்டு, இன்ன நாள் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பினேன். அதுதான் என் முதல் தப்பு. போய்ப் பார்த்தால் ஊர் மாடுகள் அத்தனையும் குளித்து நிற்கின்றன. தேங்காய் நாரால் தேய்த்த தேய்ப்பில் முதுகெல்லாம் ரோஸ் நிறம். நெற்றியில் மஞ்சள் வேறு. எந்தப் பக்கை எடுக்க இரண்டு பஸ் மாறி மலையேறி வந்தேனோ, அது சாக்கடையில் போய்விட்டது.

“டாக்டரம்மா கைவச்சுப் பாக்கப் போறீங்க. அசிங்கமா நிப்பாட்ட முடியுங்களா?” என்றார் ஒருவர்.

“நான் வந்ததே அந்த அசிங்கத்துக்குத்தாங்க” என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்குள் காப்பி கொடுத்துவிட்டார்கள்.

குளிக்காமல் நின்றது ஒரே ஒரு மட்டக்குதிரை. ஏரியைச் சுற்றி டூரிஸ்ட்டுகளை ஏற்றிப்போகும் வெள்ளைக் குதிரை. அதன் சொந்தக்காரர் நாற்பது வயதுக்காரர், கூச்ச சுபாவம். “வெள்ளனே சவாரிக்குப் போயிட்டேங்க, குளுப்பாட்ட நேரமில்ல, கோவிச்சுக்கிடாதீங்க” என்றார். அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். குதிரை முதுகில் முத்து முத்தாகப் பக்கு.

“வலிக்காம எடுங்கம்மா” என்று அவர் கேட்டுக்கொண்டதால், ஷேவிங் பிரஷ் ஒன்றை வெந்நீரில் தோய்த்து, பக்கை நனைத்து இளக்கி, பதமாக எடுத்துக் காகித உறையில் போட்டேன். கல்யாணப் பத்திரிகை உறைகள், மஞ்சள் தடவியவை. வந்ததற்கு வெறுங்கையோடு போவானேன் என்று மாடுகளையும் விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆகும் என்று, சொறி இல்லாதவற்றின் முதுகிலும் கொஞ்சம் மயிரைக் கத்தரித்து, அதே பிரஷ்ஷால் நனைத்து, சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் முக்கினேன். இதை நான் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் என் தரப்பில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

ஒரு செவலை மாட்டின் சொந்தக்காரி மட்டும், “எனக்குச் சோலி கெடக்குங்க, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிடலாம்” என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நோட்டில் அவள் வீட்டுக்கு நேராக ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினேன்.

அடுத்த மாதம் போனபோது ஏழு மாடுகளுக்குப் புதிதாகச் சொறி. டவுனில் ஹோட்டல்களும் ஹாஸ்டல்களும் வில்பட்டிப் பால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஒரே முடிவில் இருந்தது: எல்லாம் அந்தக் குதிரையால் வந்த வினை. ஏரிக்கரையில் கண்ட குதிரையோடும் நின்றுவிட்டு வந்து, சாயந்தரம் பொதுத் தொட்டியில் வாய் வைக்கிறதே. தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். ஏரிக்கரைக் குதிரைக்காரர்களும் அதன் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, டாக்டரம்மா ஒரு முடிவு சொல்லும்வரை இந்தப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டார்கள். சீசனுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்தக் குதிரையை நம்பித்தான்.

“நெசமாவே என் குதிரைதான் கொண்டாந்துச்சான்னு ஒங்க மிஷின்ல பாத்துச் சொல்லிருங்கம்மா. ஆமான்னா ஊரு சொல்றத ஏத்துக்கிறேன்” என்றார் அவர்.

“கிருமி பொய் சொல்லாதுங்க, கவலைப்படாதீங்க” என்றேன். அந்த வயதில் எனக்கு விஞ்ஞானத்தின் மேல் அத்தனை நம்பிக்கை. என் மேல் அதைவிட அதிகம்.

புதிய பக்கையெல்லாம் உறை உறையாகக் கொண்டுபோய்க் கிருமி வளர்த்து, மூன்று மின்வெட்டுக்குப் பிறகு ஒருவழியாகக் கோடுகளைப் பார்த்தேன். முதலிலிருந்தே சொறி இருந்து, தேய்த்த இடத்தில் மறுபடி பக்குக் கட்டிய மாடுகளுக்கு ஒரு வரிசை. குதிரைக்கு வேறு வரிசை. புதிய ஏழுக்கும் அச்சு அசலாகக் குதிரையின் வரிசை. அடப்பாவமே, ஊர் சொன்னது சரிதானா என்று மனசு விட்டுப்போயிற்று. பேராசிரியருக்கோ வாயெல்லாம் பல். “குதிரையிலிருந்து மாட்டுக்கு! அருமையான அத்தியாயம் அம்மா” என்றார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறுத்தியது. செவலை மாடு குதிரைக்கு அடுத்த முளையில் கட்டிக் கிடப்பது, தினமும் அதோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தது. அதன் முதுகில் ஒரு பொட்டுச் சொறி கிடையாது. நோட்டைப் புரட்டினேன். புதிதாகச் சொறி வந்த ஏழும் நான் பிரஷ் வைத்த மாடுகள். சொறி கிளம்பியிருந்ததும் நான் மயிர் கத்தரித்த அதே இடங்களில். ஈரம் பட்டால் பக்குக்குள் இருக்கும் வித்துகள் வெளியே நீந்தி வரும், காயப்பட்ட தோல் கிடைத்தால் பற்றிக்கொள்ளும் என்று என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன். அவற்றை வெந்நீர் வைத்து வரவேற்று, நாரால் தேய்த்துத் தயாராக நின்ற முதுகுகளுக்கு வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நானேதான். பிரஷ்ஷின் அடிமயிருக்குள் ஸ்பிரிட் இறங்கவே இல்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கருவிகள் மூலமும் பரவலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடு” என்றார்.

எனக்கு ஒரு வரி போதவில்லை. மறு வாரமே மலையேறி, காலையில் பால் ஊற்ற எல்லோரும் கூடும் இடத்தில் நின்று சொன்னேன். மாடுகளில் இருப்பது குதிரையின் கிருமிதான், ஆனால் கொண்டுவந்தது குதிரை இல்லை, என் பிரஷ், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். மாட்டைக் கெடுத்ததற்கு நாலு பேர் நாலு விதமாகத் திட்டுவார்கள், வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போயிருந்தேன்.

ஒருவரும் திட்டவில்லை. “குதிரைக் கிருமிதான? நாங்க அப்பவே சொன்னோம்ல” என்றார் ஒருவர்.

“டாக்டரம்மாவுக்கு எளகுன மனசு. அந்த மனுசன் பொழப்புக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாங்க பாரு” என்றார் இன்னொருவர். எல்லோரும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அதையும் இரக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு செவலை மாட்டுக்காரி கிட்டே வந்தாள். “அன்னிக்கே அந்தப் பிரஷ்ஷப் பாத்து எனக்கு மனசு ஒப்பலைங்க. படிச்ச டாக்டரம்மாகிட்ட எப்படிச் சொல்றது? அதான் சோலி கெடக்குன்னு போயிட்டேன்” என்றாள்.

குதிரைக்காரர் பொதுத் தொட்டிக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். நான் சொன்னதையெல்லாம் அங்கிருந்தே கேட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார். “இம்புட்டு நாளும் ஊரு சொல்லுச்சுங்க. இப்ப மிஷினும் சொல்லிருச்சுன்னு ஆயிப்போச்சு” என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயந்தரத்துக்குள் செய்தி ஏரிக்கரைக்குப் போய்விட்டது, அதாவது முதல் பாதி மட்டும். குதிரைக்கு நோய் குணமாகிவிட்டது, யாருக்கும் ஆபத்தில்லை என்று கையெழுத்துப் போட்டு நான் கொடுத்த தாளை அங்கே யாரும் கையில்கூட வாங்கவில்லையாம். அந்த சீசனில் ஏரிக்கரையில் அந்த வெள்ளைக் குதிரை இல்லை. என் ஆய்வேட்டில், குதிரையிலிருந்து மாட்டுக்குப் பரவிய அத்தியாயத்தைத் தேர்வாளர்கள் தனியாகப் பாராட்டினார்கள். கருவிகளைப் பற்றி நான் எழுதியிருந்த நான்கு பக்கங்களில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கால்நடை மருத்துவராக வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு மாட்டைப் பார்க்கக் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் போளூர் போனேன். ஏற்றத்தில் எதிரே உருளைக்கிழங்கு மூட்டை சுமந்துகொண்டு அந்தக் குதிரை வந்தது. பின்னால் அவர். இரண்டு பக்கமும் தொங்கிய மூட்டைகளுக்கு நடுவே தெரிந்த முதுகில் மயிர் அடர்த்தியாக, ஒரு தழும்பு இல்லாமல் வளர்ந்திருந்தது. அவர் என்னை அடையாளம் கண்டு தலைமுண்டாசை எடுத்துவிட்டு, “நல்லா இருக்கீங்களாம்மா?” என்று விசாரித்தார். சந்தோஷத்தில் குதிரையின் முதுகைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

அவர் கயிற்றை மெதுவாக இழுத்துக் குதிரையை அந்தப் பக்கமாக ஒதுக்கினார். “வேணாங்கம்மா” என்றார் மரியாதையாக. “இப்பத்தான் ஆறியிருக்கு.”