வெர்னாவுக்கு, தெரிஞ்ச ஒருத்தரிடமிருந்து

வெர்னா ஓமெர்னிக்கைக் கோபக்காரி என்று ஆல்டர் கிரீக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுத்தப் பொய். கோபக்காரி அவளுடைய அக்கா அடலீன்தான். வெர்னா வீம்புக்காரி. கோபம் என்றால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். வீம்பு இருபத்தாறு வருஷமாக ஆறவில்லை.

வெர்னாவுக்கு எழுபது முடிந்து எழுபத்தொன்று பிறக்க இருந்தது. அதில் நாற்பத்தைந்து வருஷம் மாட்டுக் கொட்டகையிலேயே போயிற்று. புருஷன் எர்வின் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மாடுகளை விற்றாயிற்று, நிலத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் உருளைக்கிழங்கு போடுகிறார். மாடு போனாலும் பழக்கம் போகுமா? காலை நாலரைக்கு எழுந்து, யாருக்கும் வேண்டாத நேரத்தில் காபி போட்டுக் குடித்துவிட்டு, விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். பேச்சுத் துணைக்குக் குளிர்பெட்டியின் மேல் ஒரு ரேடியோ. அதில் நிலையம் மாற்றும் திருகைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்த யாராவது திருகி வேறு நிலையத்துக்கு மாற்றிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நார்ப் லிட்டர்ஸ்கியின் போல்கா நிகழ்ச்சி வர வேண்டிய இடத்தில் கரகரப்பு வந்தால்? அந்த ஆபத்தை அவள் விலைக்கு வாங்கத் தயாராக இல்லை.

நார்ப் முப்பத்து நாலு வருஷமாக அந்த நிகழ்ச்சியை நடத்துகிறான். எட்டு மணிப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, பன்றி இறைச்சியை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, கிழங்கு தோலுரிக்க உட்காரும்போது அவன் குரல் வரும். போல்கா, வால்ட்ஸ் என்று பழைய நடனப் பாட்டுகள், நடுநடுவே ஜனங்கள் அனுப்பிய அட்டைகள். இன்னாருக்கு ஐம்பதாவது கல்யாண நாள், இன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார், இன்னாருக்கு இந்தப் பாட்டு. பன்னிரண்டு அடித்தால் முடித்துவிடுவான், பந்தாட்டம் ஆரம்பமாகும்.

அந்த அட்டைகளில்தான் வெர்னாவின் உயிர் இருந்தது.

கதை இதுதான். இவர்களுடைய அப்பாவிடம் ஒரு கான்செர்டினா இருந்தது. மடியில் வைத்து இழுத்து வாசிக்கிற பெட்டி. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போன பிறகு பெட்டி வெர்னா வீட்டுப் பரணில் இருந்தது. ஒரு கோடையில் கோவில் விருந்து ஏலத்துக்குப் பழைய சாமான்களைக் கொடுத்தபோது, அதோடு கான்செர்டினாவும் போய்விட்டது. யாரோ வெளியூர்க்காரன் எடுத்துக்கொண்டு போனான். விஷயம் தெரிந்ததும் அடலீன் பன்னிரண்டு மைல் தள்ளி வெஸ்ட் புரூஸிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"அப்பாவையே ஏலம் போட்டுட்டியேடி! இனிமே என் மூஞ்சில முழிக்காத!"

வெர்னா முழிக்கவில்லை. அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மளிகைக் கடையில் அக்கா மாவு வரிசையில் வந்தால் இவள் ஊறுகாய் வரிசைக்குப் போய்விடுவாள். எர்வின் சாவுக்கு அடலீன் வந்தாள், கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், சாப்பாட்டுக்கு நிற்காமல் போனாள். ஆனால் அடுத்த ஞாயிறு நார்ப் ஓர் அட்டையை வாசித்தான்: "வெர்னாவுக்கு, தெரிஞ்ச ஒருத்தர்கிட்டேர்ந்து." பாட்டு, அப்பா வாசிக்கிற வால்ட்ஸ்.

அது முதல் தடவையும் இல்லை. சண்டை போட்ட கோடைக்கு அடுத்து வந்த ஜனவரியிலேயே, வெர்னாவின் பிறந்த நாளை ஒட்டி வந்த ஞாயிறு, அதே வால்ட்ஸ் அதே வார்த்தையோடு வந்திருந்தது. அக்டோபரில் அடலீனின் பிறந்த நாளுக்கு இவளும் ஓர் அட்டை அனுப்பினாள். அதே பாட்டு, "தெரிஞ்ச ஒருத்தர்கிட்டேர்ந்து." அப்புறம் வருஷா வருஷம் அதுதான். யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று மாவட்டத்துக்கே தெரியும். ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். எங்கள் ஜனங்கள் அப்படித்தான், வம்பு பேசுவதற்கும் ஒரு மரியாதை வைத்திருப்பவர்கள்.

இப்படி இருக்கையில்தான் டிசம்பர் முதல் ஞாயிறு நார்ப் அந்தச் சேதியைச் சொன்னான். புது வருஷத்திலிருந்து போல்கா சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. ஞாயிறு பத்து மணிக்கு இனி பந்தாட்டப் பேச்சு.

வெர்னா கத்தியைக் கிழங்குத் தட்டிலேயே போட்டுவிட்டாள். ஆறு மணி அவளுக்கு ஒரு பொருட்டா? அவளுக்கு அது பாதி நாள். ஆனால் அடலீன்? சின்ன வயதிலேயே எட்டு மணிக்கு முன் போர்வையை விட்டு வெளியே வராதவள். இனி நார்ப் அட்டையை வாசிப்பான், பாட்டும் போடுவான், அந்தப் பக்கம் கேட்க ஆள் இருக்காது. போன அக்டோபரில் அடலீன் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று கேள்வி. அந்தப் பாட்டை அவள் கேட்டாளா இல்லையா என்பதே தெரியாமல் வெர்னா இரண்டு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். அக்காவோடு இருந்தது இந்த ஒரு கயிறுதான், அதையும் அறுக்கிறார்களே!

திங்கட்கிழமை நிலையத்துக்கு போன் போட்டாள். மேனேஜர் சின்னப் பையன், டிரிஸ்டன் என்று பேர், வந்து நாலு மாதம் ஆகிறது.

"கவலையே படாதீங்க மேடம். நிகழ்ச்சியை நாங்க இணையத்துல போட்டுடுவோம். செல்போன்லயே எப்ப வேணா கேக்கலாம்."

"எப்ப வேணா எனக்கு எதுக்குப்பா? அவ கேக்கும்போது நானும் கேக்கணும்."

"எவங்க, மேடம்?"

"அது உனக்கெதுக்கு?" என்று போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கோவில் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாட்டுக்கு ஊரே வரும். வெர்னா ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள். போல்காவை மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தது. ஆரம்பத்தில் எல்லாரும் வாயில் மீனோடு மடமடவென்று கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது மேஜையில் ஃப்ளோரியன் கிளக் என்கிற மரவேலைக்காரர் பேனாவைப் பாதியில் நிறுத்தினார்.

"அது சரி வெர்னா, பத்து மணிக்குப் பதிலா என்ன போடறாங்களாம்?"

"பந்தாட்டத்தைப் பத்திப் பேசுவாங்களாம்."

"நம்ம டீமைப் பத்தியா? ரெண்டு மணி நேரமுமா?"

முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! படுபாவி, எழுதின பாதிப் பேரை அப்படியே விட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஒரு கையெழுத்தும் விழவில்லை. இந்த மண்ணில் போப்பாண்டவரைக்கூடக் குறை சொல்லலாம், எங்கள் டீமின் பச்சை மஞ்சள் சட்டைக்காரர்களைச் சொல்ல முடியாது. வெர்னாவே அந்த நிறத்தில்தான் தொப்பி போட்டிருந்தாள்.

கடைசி ஞாயிறும் வந்தது. அடுத்த சனிக்கிழமைதான் வெர்னாவுக்குப் பிறந்த நாள், முதல் ஆறு மணி நிகழ்ச்சியும் அன்றைக்குத்தான். கடைசி நாள் என்பதால் நார்ப் போன் அழைப்புகளையும் எடுத்தான். அவனிடம் இரண்டு இணைப்புகள், இரண்டு பொத்தான்கள், வாராவாரம் ஒரே பல்லவி: "ரேடியோவைக் குறைச்சுட்டுப் பேசுங்க." குறைக்காதவர்கள் பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வந்து கீச்சிடும். "இத்தனை வருஷமாச் சொல்றான், மரமண்டைங்களுக்கு ஏறுதா பாரு" என்று அவர்களைத் திட்டுவதில் வெர்னாவுக்கு அலாதி சுகம்.

அன்றைக்கு அவளே போனைச் சுழற்றினாள். அட்டை போதாது, அக்காவுக்கு ஒரு வார்த்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். என்ன வார்த்தை என்றுதான் தெரியவில்லை. பதினொன்றே கால்வரை இணைப்பே கிடைக்கவில்லை. அப்புறம் மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள், "அப்படியே இருங்க" என்றார்கள். இவள் ரேடியோவைக் குறைக்கவில்லை. குறைத்தால், அந்த நேரம் பார்த்து அக்காவின் பாட்டு வந்துவிட்டால்?

"சொல்லுங்க, யார் பேசறது?" என்றான் நார்ப், ரேடியோவில்.

"வெஸ்ட் புரூஸ்லேர்ந்து. பேரு கேக்காத."

வெர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அக்காவின் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, அதிகாரம் அப்படியே இருந்தது.

"கேக்கல. என்ன பாட்டு வேணும்?"

"பாட்டு கெடக்கட்டும். ஒரு சேதி சொல்லணும். ஆல்டர் கிரீக்ல ஒருத்தி இருக்கா. வர்ற சனிக்கிழமை அவளுக்குப் பிறந்த நாள். வருஷா வருஷம் நான் பாட்டு போடச் சொல்லுவேன். இப்ப ஆறு மணிங்கறீங்க. எழுபத்தஞ்சு வயசுல இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு நான் ஆறு மணிக்கு எங்க எழுந்துக்கறது? அட்டை போடறேன், ஆனா அவளோட சேந்து கேக்க என்னால முடியாது. அதை அவளுக்குச் சொல்லிடணும்னுதான்..."

அந்த நேரம் பார்த்து நார்ப், வெர்னா காத்திருந்த இரண்டாவது இணைப்பின் பொத்தானையும் அழுத்திவிட்டான். விரல் தவறிவிட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். முப்பத்து நாலு வருஷம் தவறாத விரல்!

"நீ எப்பதான் எழுந்த?" வெர்னாவின் வாய் தானாகக் கொட்டியது. "நான் பத்து மாடு கறந்து முடிக்கிற வரைக்கும் போர்வைக்குள்ள கெடந்தவதானே!"

அவளுடைய குரலே குளிர்பெட்டியின் மேலிருந்து திரும்பி வந்தது. வந்து, கீச்சென்று மாவட்டம் முழுக்க ஊளையிட்டது.

"ரேடியோவைக் குறைங்க! யாரா இருந்தாலும் ரேடியோவைக் குறைங்க!" என்று கத்தினான் நார்ப்.

வெர்னா எட்டிக் குறைத்தாள். பிறகு போனில், "யாரது?" என்றாள் அடலீன். தெரியாமலா கேட்டாள்?

"தெரிஞ்ச ஒருத்தர்" என்றாள் வெர்னா.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. அது சிரிப்பா அழுகையா என்று வெர்னாவுக்குப் பிடிபடவில்லை.

"அக்டோபர்ல பாட்டு போட்டேனே, கேட்டியா?"

"ஆஸ்பத்திரில கேட்டேன். அந்த நர்ஸு ரேடியோவை அணைக்க வந்தா. தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்னேன்."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டிருக்கிறாள். அப்பாடா! இரண்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கல் இறங்கியது. இறங்கின வேகத்தில், இருபத்தாறு வருஷமாக அடைத்து வைத்திருந்ததும் வெளியே வந்துவிட்டது.

"அடலீன், அந்தப் பெட்டியை நான் கொடுக்கல. எர்வின் தெரியாம வண்டில ஏத்திட்டான். மறுநாளே வாங்கினவனைத் தேடி மூணு ஊரு அலைஞ்சேன். அவன் மாநிலமே தாண்டி மினசோட்டாவுக்குப் போயிட்டான்."

"இதை ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"நீ எர்வினைத் திட்டுவ."

"திட்டியிருப்பேன்! திட்டிட்டு அடுத்த வாரம் கூப்பிட்டு வாத்து சூப்பும் ஊத்தியிருப்பேன். போய்ச் சேந்துட்டானே பாவி மனுஷன், இனி யாரைத் திட்டறது?"

"மூஞ்சில முழிக்காதன்னு நீதானே சொன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! ஒண்ணையாவது கேட்டிருக்கியா நீ? அந்த ஒண்ணை மட்டும் கெட்டியா புடிச்சுக்கிட்டியேடி!"

இதற்கு மேல் நார்ப்புக்கே தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு பேரும் போனை வெச்சுடாதீங்க" என்று சொல்லி அப்பாவின் வால்ட்ஸைப் போட்டான். அன்றைக்கு ஆல்டர் கிரீக்கில் எத்தனை வீட்டில் இறைச்சி கருகியது என்று கணக்கே இல்லை. ஃப்ளோரியன் கிளக் மதியமே வெர்னா வீட்டுக்கு வந்து, அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, மீதிப் பேரையும் எழுதிவிட்டுப் போனார்.

நிலையம் மனசு மாறியதா? மாறவில்லை. மாறாவிட்டால் போகட்டும் என்று வெர்னாவுக்கே தோன்றிவிட்டது.

சனிக்கிழமை நாலரைக்கு எழுந்து காபி குடித்தாள். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போனைச் சுழற்றினாள். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை, விரலுக்கே தெரிந்திருந்தது. பதினோரு தடவை மணி அடித்த பிறகுதான் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் அடலீன்.

"ரேடியோவைப் போடு."

முனகல், கட்டில் கிரீச்சிடும் சத்தம், ஊன்றுகோல் எதன் மேலோ இடிக்கும் சத்தம், கெட்ட வார்த்தை ஒன்று. பிறகு நார்ப்பின் குரல், குளிர்பெட்டியின் மேலிருந்தும் போனுக்குள்ளிருந்தும்.

"முதல் அட்டை. வெர்னாவுக்குப் பிறந்த நாள் வாழ்த்து." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "அவ அக்கா அடலீன்கிட்டேர்ந்து."

வெர்னா சமையலுக்குக் கட்டியிருந்த முன்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெட்கமே படாமல், நன்றாக, வாய்விட்டு அழுதாள். வால்ட்ஸ் ஆரம்பமாயிற்று, இந்த வீட்டிலும் அந்த வீட்டிலும்.

"வெர்னா, உன் ரேடியோவைக் குறை. காது கிழியுது."

"முடியாது, நீ குறை" என்றாள் வெர்னா.

இருவரும் குறைக்கவில்லை.