துரை வாசிக்காத பக்கம்

சாப்பாட்டு மேசையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரித்த பிறகும் அந்தக் காகிதச் சுருளின் மிச்சம் தரையில் கிடந்தது. உச்சியில், பொன் மையால் கீறிய கிரீடத்தின் கீழே, எண்ணூறு வருடங்களுக்கு முன் ஆண்ட ஸ்கொட்லாந்து அரசன் ஒருவனின் பெயர். சிங்கம் என்பது அவனுடைய பட்டப்பெயராம். அடியில் துரையின் பெயர். ரொறன்ரோவில் மனைவியை இழந்து தனியாக இருந்த ஓய்வுபெற்ற வக்கீல் அவர். தன் வம்சாவளியைப் புத்தகமாகக் கணினியில் ரைப் செய்வதற்குத் தொண்ணூறுகளின் நடுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார். வாயால் ஆங்கிலத்தில் ‘சேர்’ என்பேன்; துரை என்பது நான் மனதுக்குள் வைத்த பெயர்.

அவர்மேல் எனக்கு ஒருநாளும் மரியாதை வந்ததில்லை. ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி, பனியில் நனைந்து வந்து நிற்பவளிடம், எந்தச் சீமாட்டி எந்தப் பிரபுவைக் கட்டினாள் என்று தொடங்கிவிடுவார். அரசனுக்கு மனைவியல்லாத பெண்களிடமும் பிள்ளைகள் இருந்தார்கள். அப்படிப் பிறந்த மகள்மாரை அவன் ஆங்கிலப் பிரபுக்களுக்குக் கட்டிக்கொடுத்தான். பிற்காலத்தில் நேர்வழி வாரிசு அற்றுப்போக, அவர்களின் சந்ததியார் சிம்மாசனம் கேட்டுப் போனார்கள்; முறைப்படி பிறந்த வழியல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கப்பட்ட அந்த வழிகளில் ஒன்றுதான் துரையின் பெருமை முழுவதும்.

“இந்த மகளின் தாய் யார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பெயர் பதிவில் இல்லை. தகப்பன் அரசன், அது போதும்,” என்றார்.

ஒரு மத்தியானம் அவருடைய ஒரே மகள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியோடு வந்தாள். கல்யாணம் செய்யாமல் பெற்ற பிள்ளை என்பதால் துரை அதுவரை அந்தப் பேத்தியைப் பார்க்கவே சம்மதிக்கவில்லை. சிறுமி சுருளில் விரலை ஓட்டிக்கொண்டு போய், “நான் எங்கே?” என்று கேட்டாள்.

“காகிதம் முடிந்துவிட்டது,” என்றார் துரை.

அடியில் ஒரு முழம் வெறுமையாகக் கிடந்தது. அவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்கள். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பி, “புத்தகத்தில் மகளின் பெயருக்குக் கீழே ‘பிள்ளைகள் இல்லை’ என்று போடு,” என்றார்.

அப்போது என் கணவர் கொழும்பில் இருந்தார். அவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து எடுப்பதற்குத் துரையின் வேலைக் கடிதம்தான் எனக்கிருந்த ஒரே பிடி. வீட்டில் கணவரின் தாயான மாமியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“உந்த மனிசன் செய்யிறது சரிதானே, பிள்ளை. தாலி கட்டாமப் பெத்ததை ஆர் புத்தகத்தில போடுவினம்? நீ வாயை மூடிக்கொண்டு ரைப் பண்ணு. என்ர பிள்ளை முதல்ல வந்து சேரட்டும்,” என்றார் மாமி.

துரையும் மாமியும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. கண்டிருந்தால் நன்றாக ஒத்துப்போயிருப்பார்கள். மறுநாள் காலை அந்த இரண்டு சொற்களையும் ரைப் செய்தபோது நானும் அவர்களோடு சேர்ந்துவிட்டேன் என்று அருவருப்பாக இருந்தது.

சரிபார்க்கக் கொடுத்த பிரதியில் அரசனின் பக்கங்களைத் துரை ஒரு கிழமையாகப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். மிச்சத்தைப் புரட்டவே இல்லை. அச்சுக்கு அனுப்பும் நாளில் அந்தச் சொற்களை அழித்துவிட்டுச் சிறுமியின் பெயரைப் போட்டேன்.

புத்தகம் வந்தபின் உறவினர்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி சொல்லி விஷயம் அறிந்த மகள், அந்தப் பக்கத்தை விரித்தபடியே உள்ளே வந்து, “நன்றி அப்பா” என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். துரை பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். தான் போடச் சொல்லவில்லை என்றால், தன் புத்தகத்தையே வாசிக்கவில்லை என்று அத்தனை பேர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டும். “எங்கள் இரத்தம்தானே,” என்று அவள் முதுகைத் தட்டினார்.

அடுத்த நாள் என் வேலை போயிற்று, கடிதமும் கிடைக்கவில்லை. ரெக்ஸ்டேலில் பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கணவர் வருவது ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது. “ஆரோ பெத்த பிள்ளைக்காக என்ர பிள்ளையை அங்க விட்டிட்டாய்,” என்ற மாமி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சில வருடங்களில் துரை இறந்தார். செத்த வீட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். ‘அப்பா கடுமையானவர், ஆனாலும் என் மகளுக்கு அவரே இடம் கொடுத்தார்’ என்று துரையின் மகள் எல்லோர் முன்னும் பேசினாள். முடிந்ததும் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தாள்.

“நீங்கள்தானே ரைப் செய்தீர்கள். அவள் பெயரைப் போடச் சொன்னபோது அப்பா என்ன சொன்னார்?”

வளர்ந்திருந்த அந்தச் சிறுமி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

“ஒரு எழுத்தும் பிழையாக வரக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்,” என்றேன்.