பனிக்குப் பதில் சாம்பல்

அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு மெனக்கெடவில்லை. வந்த வரன்களை அப்பா ஒரு டீ குடிக்கிற நேரத்தில் விசாரித்து முடித்துவிடுவார். ஆனால் எனக்கும் தம்பிக்கும் வீட்டிலேயே எழுதச் சொல்லிக்கொடுக்க எந்தப் பாடத்திட்டம் சரிப்படும் என்று தேட, அத்தை ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. எண்ணூரில் எங்களோடுதான் இருந்தாள். தண்டையார்பேட்டையில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் டீச்சர் வேலை. நோய்க்காலத்தில் பள்ளியைப் பூட்டியபோது முதலில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள், பிறகு வரவே வேண்டாம் என்றார்கள். பள்ளி திறந்த பிறகும் கூப்பிடவில்லை. எனக்கு மூச்சிரைப்பு. நான் படித்த பள்ளி டேங்கர் லாரிகள் போகிற சாலையில் இருந்தது. கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துப் படிக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா போகாத பள்ளிக்கு நான் மட்டும் ஏன் போக வேண்டும் என்று தம்பி கேட்டான். அடம்பிடித்து அவனும் தங்கிவிட்டான். அவன் நான்காவது, நான் ஐந்தாவது.

கணக்கையும் அறிவியலையும் அத்தை பள்ளிப் புத்தகத்தை வைத்தே சமாளித்தாள். எழுத்தில்தான் அவளுக்குப் பிடிவாதம். போர்டைப் பார்த்து எழுதுவதும் கைடைப் பார்த்து எழுதுவதும் எழுத்தே இல்லை என்பாள். அவள் பள்ளியில் வேலை போனதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஜெராக்ஸ் கடையில் இணையத்திலிருந்து மாதிரிப் பக்கங்களை எடுத்துவந்து எங்கள் மேல் சோதித்துப் பார்த்தாள். முதலில் வந்தது கோடிட்ட இடத்தை நிரப்புகிற ரகம். நானும் தம்பியும் ஒருவர் தாளை ஒருவர் பார்த்து வெகு வேகமாக நிரப்பினோம். வார முடிவில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது இருவரும் கூரையைப் பார்த்தோம். அடுத்தது தினமும் உன் மனதில் உள்ளதை எழுது என்கிற ரகம். தம்பி தினமும் 'ஒன்றுமில்லை' என்று எழுதி முடித்துவிட்டு விளையாடப் போனான். அவனைக் குறை சொல்ல முடியாது. அது உண்மைதான்.

கடைசியில் அத்தை பிடித்தது ஒரு வெளிநாட்டுப் பாடம். ஒரு சின்னப் பத்தியைப் படித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் அதைத் தாளைப் பார்க்காமல் வாயால் சொல்ல வேண்டும். பிறகு அதே வடிவத்தில் சொந்தமாக எழுத வேண்டும். எங்கள் வீட்டில் வாய்க்குப் பஞ்சமே இல்லை என்பதால் இதுதான் நமக்கு என்று முடிவு செய்தாள்.

ஆனால் அதில் இருந்ததெல்லாம் வைக்கோல் கொட்டகையும் ஆப்பிள் தோட்டமும் பனிக்கட்டி பொம்மையும். அத்தை ஒவ்வொரு பத்தியையும் தமிழாக்கினாள். வாரம் முழுக்கக் கொட்டியிருந்த வேலையில் பெரும்பகுதியை வெட்டினாள். ஒரு நாள் பேச்சு மட்டும். மறுநாள் பேசியதிலிருந்து முக்கியமான மூன்று சொற்கள். அடுத்த நாள் அரைப் பக்கம் எழுத்து, அவ்வளவுதான். பேசும்போது எங்கள் பாஷையைத் திருத்தவே மாட்டாள். பள்ளியில் 'இருக்கிறது' என்பதற்கு 'கீது' என்று சொன்னால் தலையில் குட்டு விழும். அத்தை முன்னால் எத்தனை 'கீது' வேண்டுமானாலும் சொல்லலாம், எழுதும்போதுதான் சட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆப்பிள் தோட்டத்துப் பூனை காசிமேட்டு மீன் மார்க்கெட்டுப் பூனையானது. தம்பி அதை எழுதிவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதியவன்தானா நான் என்று அவனே ஆச்சரியப்பட்டான்.

பனிப் பாடம் வந்தது. ஒரு குழந்தை காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் வெளியே எல்லாம் வெளுத்திருக்கிறது. சத்தமே போடாமல் இரவெல்லாம் பனி விழுந்திருக்கிறது. ஐஸ் பாக்டரியில் இருக்கிற ஐஸா என்று தம்பி கேட்டான். அத்தை யோசித்தாள். பிறகு, நம் பக்கத்தில் சத்தமில்லாமல் விழுந்து எல்லாவற்றையும் மூடுவது எது என்று எங்களைத் திருப்பிக் கேட்டாள்.

நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவரை விரலால் துடைத்துக் கொண்டுவந்து காட்டினேன். சாம்பல். எங்களைச் சுற்றி நிற்கிற புகைபோக்கிகளில் எது அதை அனுப்பியது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக்குப் பங்கு வரும்.

நான் எழுதியது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. "காலையில் எழுந்தபோது எங்கள் மாடி வெளுத்திருந்தது. கொடியில் காய்ந்த அப்பாவின் சட்டையை உதறினால் ஊரே மறைந்தது. அம்மா துவைத்த துணியை மறுபடியும் வாளியில் போட்டாள். எனக்கு இருமல் வந்தது. அத்தை என் மருந்தைத் தேடினாள்." அத்தை அதைப் படித்துவிட்டு ஒரு திருத்தமும் போடவில்லை. என் தலையை ஒருமுறை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவ்வளவு பெரிய பாராட்டு எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஓர் அறக்கட்டளை எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்குக் கற்றல் மையம் திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. பணம் ஓர் ஆலையின் பணம். அப்பா அந்த ஆலையில்தான் ஒப்பந்தத்தில் மூட்டை தூக்கினார். மையத்துக்கு ஒரு டீச்சர் வேண்டும். மாதச் சம்பளம், சாயங்காலம் வீடு திரும்பலாம், சொல்லிக்கொடுக்கிற முறையை டீச்சரே தீர்மானிக்கலாம். அத்தைக்காகவே வெட்டித் தைத்த வேலை. அது கிடைத்தால் தன்னைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பெருமூச்சு விட வேண்டியிருக்காது என்று அம்மாவிடம் அவள் சொன்னதை நான் கேட்டேன். அத்தை மனு போட்டாள். எங்கள் பாடத்தைப் பார்க்க அறக்கட்டளைக்காரர்கள் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

யார் எதைப் படித்துக் காட்டுவது என்பதில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை.

"கூட ஃபேக்டரி ஆளும் வர்றான். அவன் மூஞ்சிக்கு நேரா சாம்பலப் பத்தி படிக்க வெப்பியா? சின்னவன் எழுதன பூன கதைய படிக்கச் சொல்லு, போதும்" என்றார் அப்பா.

"பூன கதைய எந்தப் புள்ள வோணா எழுதும்ணே. இத்த இந்த வூட்ல கீற புள்ளதான் எழுத முடியும். நான் இன்னா சொல்லிக் குடுத்தேன்னு இதுலதான தெரியும்?"

அப்பா மறுநாள் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். நல்ல எழுத்தைக் காட்டினால் நல்ல வேலை கிடைக்கும் என்று அத்தை நம்பினாள். டீச்சர்கள் மட்டும்தான் இப்படி நம்புவார்கள்.

அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடமும் ஆலையிலிருந்து ஒரு சாரும் வந்தார்கள். தம்பி பூனையைப் படித்தான், இருவரும் சிரித்தார்கள். நான் சாம்பலைப் படித்தேன். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சார் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் மேடத்தின் கண்ணைத்தான் பார்த்தேன், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அத்தை எழுதிவைத்திருந்த பாடங்களையும் நாங்கள் எழுதிய தாள்களையும் மேடம் மாதிரிக்குக் கேட்டார். அத்தை அத்தனையையும் ஒரு பையில் போட்டு, பை கிழிந்துவிடாமல் இருக்க இன்னொரு பைக்குள் வைத்துக் கொடுத்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் பால்கோவா.

அத்தை ஒரு காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து வைத்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். லோன் வேண்டுமா என்று கேட்டவர்களிடம்கூட மரியாதையாகப் பேசினாள். புடவை மடிப்பிலேயே பழுப்பு ஏறியது. மையம் திறந்தது. எங்கிருந்தோ காரில் வந்து இறங்குகிற வேறு டீச்சரைப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு எரியவில்லை, ஏனென்றால் மையத்தில் சேருகிறவர்களுக்குப் புதுப் பையும் வண்ணப் புத்தகமும் தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்களைச் சேர்த்துவிட்டதும் அத்தைதான்.

புத்தகத்தை அங்கேயே திறந்தேன். ஒரு நாள் பேச்சு, மறுநாள் மூன்று சொற்கள், அடுத்த நாள் அரைப் பக்கம். காசிமேட்டுப் பூனை அப்படியே உட்கார்ந்திருந்தது. பக்கத்தைத் திருப்பினால், "காலையில் எழுந்தபோது எங்கள் மாடி வெளுத்திருந்தது." என் வாக்கியம், அச்சில். அதற்குக் கீழே நான் எழுதாதது இருந்தது. மலையிலிருந்து மூடுபனி இறங்கி வந்தது. குருவிகள் பாடின. அம்மா சூடாகப் பால் கொடுத்தாள். பக்கத்திலேயே பச்சை மலையும் சிவப்பு ஓட்டு வீடும் படமாக இருந்தன. அட்டையிலும் உள்ளேயும் அத்தையின் பெயர் எங்கும் இல்லை. அதைத் தேட வேண்டும் என்றுகூட எனக்கு அன்று தோன்றவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து காட்டினேன். அத்தை நின்றபடியே படித்தாள்.

"நல்லா கீதா?" என்று கேட்டாள்.

"சூப்பரா கீது அத்தே. நம்ம வூட்ட மலை மேல கொண்டுபோய் வெச்சிகிறாங்க."

அத்தை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கம்போலப் பார்க்காமல் வாயால் சொல்லச் சொன்னாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். எங்க மாடி வெள்ளையா இருந்திச்சி. மலைலேந்து பனி எறங்கி வந்திச்சி. குருவிங்க பாடிச்சி. அங்கே எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. பாடத்தில் இருமல் இல்லை. தப்பாகிவிடக் கூடாதே என்று வாயை இறுக்கி அதை விழுங்கிவிட்டு, அம்மா பால் குடுத்தாங்க என்று முடித்தேன்.

அத்தை என் மருந்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, கொடியில் இருக்கும் துணியை எடுத்து வருவதாகச் சொல்லி மாடிக்குப் போனாள். வெகுநேரம் கீழே வரவில்லை. துணி இன்னும் காயவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் அந்தப் படத்தில் இருந்த மலையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.