கத்தி மடங்கும் சத்தம்

மடக்குக் கத்தி வாங்கப் போகிற ஆண்கள் முதலில் கூர்மையைத்தான் பார்ப்பார்கள். கட்டைவிரலால் தடவுவார்கள். கை மயிரைச் சிரைத்துப் பார்ப்பார்கள். கடைக்காரர் கொட்டைப்பாக்கை நீட்டினால் அதையும் வெட்டிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டே வாங்கி வந்துவிடுவார்கள். கூர்மை போனால் கல்லில் தேய்த்துக்கொள்ளலாம். பிடிக்குள் முதுகுப் பக்கமாக ஒரு எஃகுத் தகடு ஓடுகிறது, விரித்த அலகை மடங்காமல் நிறுத்திப் பிடிப்பது அதுதான். நாங்கள் அதை வில் என்போம். வில் சோர்ந்துபோனால் எந்தக் கல்லில் தேய்ப்பது?

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. மூன்றாம் வகுப்போடு கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கடற்கரையில் கிழிந்த வலை பொத்த உட்கார்ந்தவள். வலை பொத்துகிறவளுக்குக் கத்தி இல்லாமல் ஒரு முடிச்சு நகராது. என் கையில் எத்தனையோ கெட்ட கத்திகள் மடங்கி, ஆடி, உடைந்திருக்கின்றன. அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் சொல்வதை யாரும் திருத்த வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போவார். கல்லைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். சங்கு போடும் வலைப்பை ஒரு கயிற்றில் அவரோடு இறங்கும், அவர் அசைத்தால் அதே கயிற்றில்தான் ஆளையும் மேலே இழுப்பார்கள். மேலே வள்ளத்தில் அந்தக் கயிற்றைப் பிடித்து நிற்பவன் என் தம்பி. எங்கள் பக்கம் மச்சினன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலியை அறுக்க அவனுக்கு மனசு வராது என்பது கணக்கு.

அந்த வருஷங்களில் லாஞ்சிகள் என்கிற விசைப்படகுகள் பெருகி, அறுந்துபோன நைலான் வலைகள் கடலடிப் பாறைகளில் சுற்றிக் கிடந்தன. பருத்தி வலையானால் மக்கிப்போகும். நைலான் மக்காது, தண்ணீருக்குள் கண்ணுக்கும் தெரியாது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அதில் கால் மாட்டி, பாதி உயிரோடு மேலே வந்தார். பிறகு அவர் கடலுக்கே போகவில்லை. அதிலிருந்து குளிக்கிறவர்கள் எல்லாரும் இடுப்புக்கு ஒரு கத்தி தேடினார்கள். திறந்த கத்தியைச் செருகிக்கொண்டு கல்லோடு இறங்கினால் தொடையைக் கிழிக்கும். மடக்குக் கத்திதான் வேண்டும்.

ஒரு சாயங்காலம் இவர் துறைமுகத்துப் பக்கமிருந்து ஒன்று வாங்கி வந்தார். முத்துச்சிப்பி ஓடு மாதிரி மினுங்குகிற பிடி. கப்பல்காரன் ஒருவன் விற்றதாம்.

"ஏளா, இங்கன வா. இத பாரு, சீமைச் சரக்கு."

நான் கையில் வாங்கவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வழக்கம். அவர் குசினியில் அடுப்புப் பக்கத்து மேசையில் வைத்தார், நான் எடுத்தேன். சண்டை எப்படியும் வந்தது.

விரித்து, அலகின் நுனியைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தேன். ஆடியது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன். அலகின் அடிக்கும் வில்லுக்கும் நடுவே கோடு போல வெளிச்சம் தெரிந்தது. கடைசியாகக் காதுப் பக்கம் வைத்து மடக்கினேன். நல்ல கத்தி மடங்கும்போது தாழ்ப்பாள் விழுவது மாதிரி 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். இது, தூங்குகிறவன் வாயை மூடுவது போல மூடிக்கொண்டது.

"மாம்பழம் சீவலாம். கடலுக்கு ஆகாது. அழுத்தினா உங்க விரல் மேலயே மடங்கும்."

"நீ என்ன, ஆசாரி மவளா?"

"ஆசாரி மவளா இருந்தா இந்நேரம் இத உலையில போட்டிருப்பேன்."

"பாக்க வெட்டிப் பாத்தேம்ளா. வெண்ணெய் மாதிரி போச்சு."

"கடலுக்குள்ள பாக்கு வெட்டவா போறீய?"

என் கத்தியைக் கொண்டு போங்கள் என்றேன். கறுத்த கொம்புப் பிடி. தீட்டித் தீட்டி அலகு பாதியாக ஒடுங்கியிருந்தது, வில் மட்டும் அசையாது. "பொம்பள கத்தியவா? வள்ளத்துல ஒருத்தன் பாக்கியில்லாம சிரிப்பான்" என்று எழுந்து போய்விட்டார்.

விடியும் முன்னே தம்பி கயிறு எடுக்க வந்தான். இவர் பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தார். என் கத்தியை வாசற்படியில் வைத்தேன்.

"இத வலைப்பை வாயில கட்டிவிடுலே. அத்தான்கிட்ட மூச்சு விடாத."

"தெரிஞ்சா என்னையும் கல்லோட கட்டி இறக்கிருவாருக்கா."

"கட்டுவியா, மாட்டியா?"

"பாப்போம்" என்று எடுத்து மடியில் செருகினான். அதற்குள் இவர் வந்துவிட்டார்.

பாப்போம் என்றால் என்ன அர்த்தம்? அன்றைக்குப் பூராவும் அந்தச் சொல் என்னை இருக்க விடவில்லை. உலையில் போட்ட அரிசி குழைந்து கூழானது. கடற்கரைக்குப் போய் வலையை மடியில் போட்டால், போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். கத்தி இல்லாததால் நைலான் நூலைப் பல்லால் கடித்தேன்.

பக்கத்தில் வலை பொத்திய சிநேகிதி கேட்டாள்: "ஏளா, உன் கத்தி எங்க?"

"கடலுக்குப் போயிருக்கு."

"கத்தியுமா சங்கு குளிக்குது? பல்லு போனா பொறவு கஞ்சிதான், பாத்துக்க."

சிரிக்க முடியவில்லை. எழுந்து தண்ணீர் ஓரம் வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். தம்பி மறந்திருப்பானோ? கட்டியும் முடிச்சு நழுவியிருக்குமோ? கலங்கல் தண்ணீரில் கறுத்த பிடி இவர் கண்ணில் படுமா? அலகைத் திறக்க அதில் இருக்கும் நகக்குழியும் தேய்ந்துதான் போயிருந்தது. ஊறின விரலுக்கு அது பிடிபடுமா? அவர் கத்தியில் அத்தனை குறை சொன்னவள், என் கத்தியை ஒருதரமாவது காதில் வைத்துப் பார்த்தேனா? இல்லையே.

கடல்காற்று ஏறி, வள்ளங்கள் பாய் விரித்துக் கரைக்குத் திரும்பின. எங்கள் வள்ளத்தில் தலைகளை எண்ணினேன். இவர் இருந்தார். வலது கையில் கந்தல் சுற்றி, ரத்தம் ஊறியிருந்தது. என்னைப் பார்க்காமலே வீட்டுக்கு நடந்தார். தம்பியை மறித்துக்கொண்டேன்.

"கயிறு அசையவே இல்லக்கா" என்றான். "இழுக்கவும் பயம். கால் மாட்டியிருந்தா இன்னும் இறுக்கிரும். மாதாவேன்னு நிக்கேன். பொறவு கயிறு வெடுக்குனு ஒரு இழுப்பு இழுத்துச்சு பாரு, அப்படியே இழுத்துப் போட்டேன்."

"அந்தச் சீமைக் கத்தி?"

"கால்ல சுத்தின நைலான்ல வச்சு அழுத்தியிருக்காரு. வழுக்கி, விரல்லயே மடங்கிட்டு. உதறின உதறல்ல கடலோட போச்சு. அப்பதான் பை வாயில உன் கத்தி தொங்குதத பாத்து, அத வச்சு அறுத்திருக்காரு."

"மேல வந்து என்ன சொன்னாரு?"

"ஒரு அறை குடுத்தாரு. பொறவு ஒரு பீடி குடுத்தாரு."

நான் வீட்டுக்கு வந்தபோது என் கத்தி குசினி மேசையில் இருந்தது. உப்பு பூத்துக் கிடந்தது. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எடுத்துக்கோ" என்றார்.

"எனக்கு வேண்டாம். உங்க இடுப்புலயே கிடக்கட்டும். நல்ல தண்ணியில கழுவி, தேங்காயெண்ணெய் போட்டு வைங்க."

கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் காயத்துக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கிணற்றடியில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் கத்தியைக் கழுவி, எண்ணெய் விட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பல்லால் அலகை விரித்தார். சுற்றும்முற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் குனிந்து, அலகின் முதுகை முழங்காலில் அழுத்தி மடக்கினார். 'டக்'. எனக்குக் குசினிக்குள்ளேயே கேட்டது.

புண் ஆறியதும் அந்தக் கத்தியோடு மறுபடி கடலுக்குப் போனார். நல்ல கத்தி, எனக்கே தெரியும். அன்றைக்கும் சோறு குழைந்துதான் போனது.