நூர் அகமதுவின் துபாய் பெட்டி

நூர் அகமது துபாயை விட்டுக் காரைக்காலுக்கே வந்து நாலு வருடம் ஆகிறது. அந்த நாலு வருடத்தில் அவர் பயப்படாமல் கழித்த நாட்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். உடம்பில் நோய் இல்லை, ஊரில் பகை இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை.

மூத்தவள் ஹஃபீஸாவுக்குச் சம்பந்தம் பேசப்போன தரகர் பீர் மைதீன், "பொண்ணோட வாப்பா துபாயில கம்ப்யூட்டர் இன்ஜினியர்" என்று மாப்பிள்ளை வீட்டில் அளந்துவிட்டு வந்தார். அதுவே பத்திரிகையிலும் அச்சாகிவிட்டது. வேலையை முடித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து இறங்கிய நூர் அகமது அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். மறுத்துச் சொல்ல வாயும் எடுத்தார். அதற்குள் பத்திரிகை கோட்டுச்சேரி வரை போய்ச் சேர்ந்திருந்தது. எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

உண்மையில் அவர் துபாயில் ஒரு கம்பெனியில் இருபது வருடம் டீ போட்டவர். கம்பெனி வேலை என்பதற்கு மேல் வீட்டுக்கும் தெரியாது. கோப்பை கழுவுவதும் மேஜை துடைப்பதும் போக, சாயங்காலம் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் சர்வர் அறையில் தூசி தட்டவேண்டும். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் இருந்த உறவு ஏறக்குறைய அவ்வளவுதான். வலது உள்ளங்கையின் குறுக்கே வெந்நீர்க் கொதிகலனின் பிடி சுட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. வீட்டில் கேட்டதற்கு, ஒயர் பற்றவைக்கும்போது பட்ட சூடு என்று சொல்லிவைத்திருந்தார்.

அவர்கள் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் போகமாட்டாள், மாப்பிள்ளை வந்து தங்குவார். மாடி ஹஃபீஸாவுக்கு, கீழ்த்தளம் இளையவள் ஜொஹராவுக்கு. எனவே மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தால், மாமனார் இரண்டு மாதம் இன்ஜினியராகவே உண்டு, இன்ஜினியராகவே உறங்கி எழவேண்டும். கம்பெனி கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை அவர் கார்கோவில் கொண்டுவந்திருந்தார். ஆஸியா பீவி அதைப் பூப்போட்ட துணியால் மூடிக் கூடத்தில் வைத்திருந்தாள். கணவர் பார்த்த வேலைக்கு வீட்டில் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

2007-ஆம் வருடம் ஒருநாள் துபாயிலிருந்து மாப்பிள்ளை ஜவஹர் அலி போன் செய்தார்.

"மாமா, நீங்க இருந்த கம்பெனியிலயே எனக்கு வேலை கெடைச்சிருக்கு. உங்க பேரச் சொன்னேன், மறுபேச்சில்லாம எடுத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம சேர்றேன்."

நூர் அகமது போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எம் பேரச் சொன்னதும் என்ன சொன்னாங்க, மாப்பிள்ளை?"

"சிரிச்சாங்க மாமா. ரொம்ப நல்ல மனுஷன்னாங்க."

சிரித்தார்களாம்.

மாப்பிள்ளை அத்தோடு விடவில்லை. கீழ்த்தளத்தில் ஜொஹராவுக்கு இன்டர்நெட் இருக்கிறது, மாடியில் ஹஃபீஸாவிடமும் கம்ப்யூட்டர் இருக்கிறது, லைன்தான் ஒன்று. "நீங்க இன்ஜினியரு, மாடிக்கும் இழுத்துவிடுங்க மாமா. புதன்கெழம பொழுது சாஞ்சு மஃரிபுக்கு அப்பறம் ஆபீஸ்லேர்ந்து கேமராவுல வர்றேன். புள்ள மொகத்த இன்னும் நேர்ல பாக்கல."

பேரனுக்கு ஐந்து மாதம். பிறக்கும் முன்பே தகப்பன் விமானம் ஏறிவிட்டார். போட்டோவில் பார்த்ததோடு சரி.

அன்றிலிருந்து நூர் அகமதுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையில் சேர்பவர் புதன்கிழமைக்குள் எல்லாம் தெரிந்துகொண்டுவிடுவார். கேமராவில் முகத்துக்கு நேரே கேட்டால் என்ன சொல்வது? மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால், பொய் சொல்லிக் கட்டிவைத்த பெண் என்று ஹஃபீஸாவைக் குத்திக்காட்டியே கொல்வார்களே. கூடத்துக் கம்ப்யூட்டர் பெட்டி கெட்டுப்போச்சு, லைன் இழுக்க முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதையும் சொல்லத் துணிவில்லை. பெட்டியை எழுப்பத் தெரியாத இன்ஜினியர் என்ன இன்ஜினியர்?

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு இந்த ஒரு வேலை மட்டும் நிஜமாகவே தெரியும். சர்வர் அறையில் ஒரு மலையாளி இன்ஜினியர், இதேபோன்ற கிழட்டுப் பெட்டி ஒன்றில் ஒற்றை ஃபிளாப்பியைப் போட்டு, லினக்ஸ் என்ற மென்பொருளை ஓட்டி, ஆபீஸ் முழுவதற்கும் இன்டர்நெட்டைப் பங்கு போட்டுக் கொடுத்தார். ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். அவர் லீவில் போகும்போது பெட்டி நின்றுவிட்டால் திரும்பக் கிளப்புவது நூர் அகமதுதான். என்னென்ன தட்டவேண்டும் என்பதை ஒரு பாக்கெட் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருந்தார். அந்த ஃபிளாப்பியின் நகல் ஒன்றும் கையில் இருந்தது.

புதன்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடித்து வந்து பூத்துணியை எடுத்தார். பாரதியார் வீதிக் கடையில் வாங்கிய இரண்டு நெட்வொர்க் கார்டுகளைப் பெட்டிக்குள் சொருகினார். மோடத்திலிருந்து ஒரு ஒயர் வந்தது. இன்னொரு ஒயர் சின்ன ஸ்விட்ச் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் பிரிந்தது. ஃபிளாப்பி கரகரவென்று சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"வாப்பா, இங்க ஒண்ணும் வரல" என்றாள் ஹஃபீஸா மாடியிலிருந்து.

"கீழயும் போயிருச்சு வாப்பா" என்றாள் ஜொஹரா.

ஆஸியா பீவி கிட்டே வந்து நின்றாள். "என்னங்க, துபாயில இதத்தானே பாத்தீங்க?"

நூர் அகமது நோட்டை மறுபடி புரட்டினார். மறுபடி தட்டினார், மறுபடியும் இல்லை. பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு சொன்னார்கள். வீட்டிலேயே தொழுகையில் நின்றபோதும் மனம் பெட்டியிலேயே இருந்தது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்புகையில், பின்கட்டு வாசல் வழியே அண்டைவீட்டுப் பெண் உள்ளே நுழைவது கண்ணில் பட்டது. ஆண்கள் வருவது தெருவாசல் வழியே, பெண்கள் புழங்குவது பின்வாசல் வழியே. அப்போதுதான் உறைத்தது. பெட்டியில் ஒரு கார்டு தெருவுக்கு, ஒரு கார்டு வீட்டுக்கு. அவர் தெருவிலிருந்து வந்த மோடம் ஒயரை வீட்டுக்கான கார்டில் சொருகியிருந்தார். மாற்றிச் சொருகினால் போதும்.

கையில் ஒயரோடு நின்றுவிட்டார். மாற்றாமல் விட்டால் இன்றைக்குத் தப்பலாம். ரப்பே, இன்று ஒருநாள் என் மானத்தைக் காப்பாற்று என்று மனம் கெஞ்சியது. மாடியில் ஹஃபீஸா பிள்ளைக்குப் புதுச்சட்டை மாட்டிவிட்டு, "உங்க அத்தா வரப்போறாங்க, அத்தா வரப்போறாங்க" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். மானம் போனால் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றிச் சொருகினார். பச்சை விளக்குகள் சிமிட்டின.

"வந்துருச்சு வாப்பா. அவங்களும் வந்துட்டாங்க, மேல வாங்க."

மாடி ஏறினார். திரையில் ஜவஹர் அலி வெள்ளைச் சட்டையில் இருந்தார். ஹஃபீஸா பிள்ளையைத் தூக்கிக் காட்டியதும் அவர் கேமராவை நெருங்கி வந்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"பாருங்க வாப்பா, அவங்களுக்குத் தனி ரூமே குடுத்திருக்காங்க" என்றாள் ஹஃபீஸா.

நூர் அகமது குனிந்து பார்த்தார். மாப்பிள்ளைக்குப் பின்னால் வெளிர்பச்சை ஓடு பதித்த சுவர். அதன் ஓரமாக ஒரு எவர்சில்வர் கொதிகலன், பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பைச் சுற்றியவர் அவர்தான். ஆணியில் டீ போடுபவர் அணியும் அரக்குநிறக் கோட்டு ஒன்று தொங்கியது. இருபது வருடம் அவர் மாட்டிக் கழற்றிய அதே ஆணி.

தன் பெயரைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது எந்த வேலைக்கு என்று இப்போது அவருக்குப் புரிந்தது. இன்ஜினியர் மாமனாரை நம்பி வாசலில் போய் நின்ற மாப்பிள்ளைக்கு, அவர்கள் நூர் பாயின் டீத்தட்டைக் கொடுத்திருக்கிறார்கள். உண்மை வீட்டுக்கு வந்துவிடுமோ என்றே நாலு வருடம் நடுங்கியவர், பொய் அங்கே போய் ஒரு மனிதனைக் கட்டிப்போடும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

"உங்க எடத்துலயேதான் போட்டிருக்காங்க மாமா" என்றார் ஜவஹர் அலி. குரலில் குற்றம் இல்லை. கண்கள் மட்டும், சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சின.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஆஸியா பீவி பூரித்துப்போய்.

நூர் அகமது கொதிகலனையே பார்த்தார். "அந்தப் பிடி சுடும், மாப்பிள்ளை. வெறுங்கையால தொடாதீங்க, துணி வச்சுப் புடிங்க."

"எந்தப் பிடி வாப்பா?" என்றாள் ஹஃபீஸா.

"கதவுப் பிடிம்மா. வெயில்ல காயும்."

ஜவஹர் அலி வலது கையைக் கேமரா முன் விரித்துக் காட்டினார். அவர் டாட்டா காட்டுவதாக நினைத்து, ஹஃபீஸா பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டினாள். விரித்த உள்ளங்கையின் குறுக்கே புதிதாகச் சிவந்த கோடு ஒன்று கிடந்தது. நூர் அகமது தழும்புள்ள தன் வலது கையை மெல்ல மூடிக்கொண்டார்.