மகளின் பிளேயரை ஒளித்து வைத்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன். வாசலிலேயே ஸ்டெல்லா டீச்சர் பிடித்துக்கொண்டார். என் மகள் எஸ்தரின் வகுப்பாசிரியர். வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்புக்கு அவளை விண்ணப்பிக்க வைத்ததும் அவர்தான்.

“என்ன கிராணியாரே, இடம் கிடைச்சும் எஸ்தர் போகலையாமே?”

நான் முழித்தேன்.

“யார் சொன்னா டீச்சர்?”

“அவளேதான். ‘அப்பா ரொம்பப் பயப்படுறாங்க டீச்சர், நான் இங்கயே ஏதாவது பாத்துக்கிறேன்’னு சொல்றா. எஸ்டேட் ஆபீஸ்ல உக்காந்து கணக்கெழுதுற நீங்களே பிள்ளைய இழுத்துப் பிடிச்சா, மத்தவங்க என்ன செய்வாங்க லா?”

போக வேண்டாம் என்று என் மகளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இடம் கிடைத்த அன்று பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் கேக் வாங்கி வந்தவன் நான். பிறகு எப்படி?

இந்தக் கேள்விக்கும் ஒரு பழைய எம்பி3 பிளேயருக்கும் தொடர்பு இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது... ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த பிளேயர் எஸ்தருக்கு அவள் அத்தை வாங்கிக் கொடுத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. எங்கள் குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடைக்காது, போனில் பாட்டு ஓடாது. அதனால் இந்தக் காலத்திலும் அவள் காதில் அதுதான். படிக்கும்போதும் காதில், படுக்கும்போதும் காதில். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நான் பயந்தவன். காது போய்விடும் என்று யாரோ அனுப்பிய வீடியோவை நம்பினேன். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரிகள் பறந்து வரும் ரோட்டில், காதை அடைத்துக்கொண்டு நடக்கிறாளே என்று தவித்தேன். போதாததற்கு, வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாளே என்ற வருத்தம் வேறு.

அப்போதுதான் பிளேயர் படுத்துவிட்டது. சார்ஜ் ஏறவில்லை. பின்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது.

“ப்பா, இதைச் செஞ்சு குடுங்கப்பா. புதுசு எல்லாம் வேணாம். இதுவே போதும்.”

பிரிஞ்சாங்கில் போன் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். அவன் அதை உள்ளங்கையில் வைத்து ஆராய்ந்துவிட்டுச் சிரித்தான்.

“அண்ணே, இதை எந்த மியூசியத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க?”

“ஓடுமா, ஓடாதா? அதைச் சொல்லு.”

“பேட்டரி வீங்கிப் போச்சு. மாத்திட்டா ஓடும். புதுசு எடுக்கிறதா இருந்தாலும் இருக்கு, ஆனா இவ்வளவு நல்ல சத்தம் வராது. எது செய்யலாம், சொல்லுங்க.”

ரிப்பேரா, புதுசா? ஒரு சாதாரணக் கேள்வி. எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நான் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன் – இரண்டும் வேண்டாம்!

“யோசிச்சுச் சொல்றேன், தம்பி.”

வீங்கிய பேட்டரியை மட்டும் கழற்றி அவனையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிளேயரை ஆபீஸ் மேசை டிராயரில் போட்டேன். மகளிடம், “சாமான் கோலாலம்பூர்லேர்ந்து வரணுமாம்” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

பலன் உடனே கிடைத்தது. மகள் ஹாலில் வந்து உட்கார்ந்தாள். முதல் அழைப்பிலேயே சாப்பிட வந்தாள். என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்: “பாத்தியா ரோஸ், நம்ம பிள்ள நமக்குத் திரும்பக் கிடைச்சிட்டா.”

ரோஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “கிடைச்சிட்டாளா? வாயத் தொறந்து ஏதாவது பேசுறாளா, பாருங்க.”

பார்க்கவில்லை.

டீச்சர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்ததும் எஸ்தரைக் கூப்பிட்டேன்.

“நான் எப்ப பாப்பா உன்னைப் போக வேணாம்னு சொன்னேன்?”

“என்கிட்ட சொல்லலப்பா. அம்மாகிட்ட சொன்னீங்க. தினமும்.”

எங்கள் குவார்ட்டர்ஸைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரை காலத்து இரட்டை வீடு. எங்கள் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அதுவும் கூரை வரை போகாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு எழுதாத ஒரு சட்டம் உண்டு: பலகைக்கு அப்பால் கேட்டதை, கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டில் சண்டையா? மறுநாள் அந்த வீட்டுக்காரரைப் பார்த்தால் மழையைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். இப்படிப் பழகிப் பழகி, அந்தப் பக்கம் கேட்கும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

“எல்லாம் கேக்கும்பா. ‘அவளுக்குத் தைரியம் பத்தாது, ரோஸ். ஹாஸ்டல்ல ஒரு வாரம் தாங்க மாட்டா. அழுதுகிட்டே திரும்பி வந்து நிப்பா.’ சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன். பரீட்சைன்னா ஒண்ணு, காய்ச்சல்னா ஒண்ணு. அதுக்குத்தான் பாட்டு போட்டுக்குவேன்.”

தன் வெறுங்காதைத் தொட்டுக் காட்டினாள்.

“இப்ப பிளேயர் இல்லையா... தெனம் கேட்டுக் கேட்டு, எனக்கே அது உண்மைதான்னு தோணிடுச்சு.”

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நான் பயத்தைச் சொன்னது என் மனைவியிடம். ஆனால் அதைக் குடித்து வளர்ந்தது என் மகள். போதாக்குறைக்கு, அவள் வைத்திருந்த ஒரே தடுப்பையும் நானே பிடுங்கி டிராயரில் போட்டுவிட்டேன். அவள் நலனுக்காகவாம்!

“பாப்பா, அந்த பிளேயர்... சாமான் வரணும்னு சொன்னது பொய். நான்தான் செய்யக் குடுக்கல.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். “ஓ” என்றாள். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் முதல் வேலையாக பிரிஞ்சாங் போனேன். கடைக்காரத் தம்பி, “யோசிச்சு முடிச்சிட்டீங்களாண்ணே?” என்று கேட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது பேட்டரி போட்டு, சாயங்காலம் எஸ்தரிடம் கொடுத்தேன். அவள் அதை ஆன் பண்ணிப் பார்த்தாள். பாட்டு வந்தது. முகம் மாறவில்லை.

அவள் டீச்சரிடம்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இடத்தை ஏற்பதா மறுப்பதா என்று இணையத்தில் இன்னும் பதில் கொடுக்கவில்லை. கெடு இந்த வாரத்தோடு முடிகிறது.

“நீ போ பாப்பா. உன்னால முடியும். அப்பா சொல்றேன்ல.”

“என்கிட்ட நீங்க எப்பவும் நல்லாத்தாம்பா சொல்வீங்க.” பிளேயரை மேசைமேல் வைத்தாள். “அம்மாகிட்ட என்ன சொல்றீங்கன்னுதான் எனக்குத் தெரியணும். இன்னைக்கு இதை மாட்டிக்க மாட்டேன்.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் எங்கள் அறைக்குப் போனேன். ரோஸ் காயாத துணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்தேன். எத்தனை வருடமாக இதே இடத்தில் உட்கார்ந்து எவ்வளவு சரளமாகப் பயந்திருக்கிறேன்! இப்போது ஒரு நல்ல வார்த்தை சொல்ல நாக்கு புரளவில்லை. காரணம் எளிது. மகளிடம் சமாதானத்துக்குச் சொல்லிவிடலாம். மனைவியிடம் நம்பினால்தான் சொல்ல முடியும். என் மகளால் முடியும் என்று நான் நம்புகிறேனா? இந்தக் கேள்வியை அன்றுதான் முதல் முறையாக என்னிடமே கேட்டேன்.

அவள் தமிழ்ப்பள்ளிக்குப் போன முதல் நாள் நான்தான் கேட்டில் நின்று அழுதேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். அப்படிப்பட்டவளையா தைரியம் பத்தாதவள் என்றேன்?

“ரோஸ்...”

“ம்.”

“எஸ்தர் சமாளிச்சுக்குவா. பயப்படுறது நான்தான். அவ இல்ல.”

ரோஸின் கை துணியிலேயே நின்றுவிட்டது. பிறகு பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு குரல்:

“சரியாக் கேக்கலப்பா!”

எழுந்து நின்று, உரக்க மறுபடியும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும் – கேட்கட்டும்.