வேனுக்கு அடியில் நடந்த கூட்டம்

1. வால்யூமில் கை

வெடிச் சத்தம் ஓய்ந்து புகை மட்டும் நின்றது. வேன் நின்ற இடத்தில் நின்றது. அதிலிருந்து இறங்கிய பேச்சாளரைக் காணோம். வேப்பமரத்தில் நான் கட்டியிருந்த ஹாரன் ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்குவது ஊர் முழுக்கக் கேட்டது. என் கை வால்யூமுக்குப் போய்விட்டது.

மைக் செட் தொழிலில் கை அப்படித்தான் போகும். விழுப்புரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கடை முதலாளி காதர் பாய் சொன்னது அதைத்தான். "சத்தம் தப்பாப் போச்சின்னா ஜல்தி வால்யூம எறக்கிடுப்பா. இன்னா ஏதுன்னு அப்பறமா யோசி." கல்யாணத்தில் சம்பந்திச் சண்டை மைக்கில் விழும். கட்சிக் கூட்டத்தில் தலைவர் பக்கத்து ஆளைத் திட்டுவது விழும். இறக்கிவிட வேண்டும். ஒரு ஊரின் மானத்தில் பாதி எங்கள் விரலில் இருக்கிறது. மீதி ஜெனரேட்டரில்.

அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிட்டு வேனுக்கு அடியில் போகிறேன்.

2. ரெண்டு கட்டிங், ஒரு ஸ்பெஷல்

பேச்சாளர் ஆரோக்கியசாமி ஒலக்கூர்ப் பக்கத்துக்காரர். இளவயதில் பம்பாய்க்குப் போய் டீக்கடையில் நின்றவர். தொண்ணூற்று மூன்றில் அங்கே குண்டுகள் வெடித்த நாளில், அவர் டீ எடுத்துப் போய்க்கொண்டிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் ஒன்று வெடித்தது. வலது காது அன்றோடு போயிற்று. ஊர் திரும்பி மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிட்டார்.

பல வருடம் கழித்து, விழுப்புரத்தில் வரலாறு நடத்தும் சுசீலா மேடம் அவரைக் கல்லூரிகளில் பேச வைத்தார். குண்டு வெடித்த சேதி மறுநாள் பேப்பரோடு முடிந்துவிடுகிறது, வெடித்த பிறகு ஒரு ஆள் எப்படிச் சாப்பிடுகிறான், எப்படித் தூங்குகிறான் என்பதைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பது மேடத்தின் கட்சி. எல்லாக் கூட்டத்துக்கும் செட் என்னுடையது.

ஒற்றைக் காதுக்காரருக்கு மைக் வைப்பது தனி வேலை. தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவருக்கே தெரியாது. ஒரு வரி இடியாக வரும், அடுத்த வரி தூறலாகும். அதனால் மேடை ஏறும் முன்பே கார்ட்லெஸ் மைக்கைக் கையில் கொடுத்துப் பேசவிட்டு அளவு பார்த்துக்கொள்வேன். ஒன், டூ, த்ரீ சொல்லமாட்டார். "ரெண்டு கட்டிங், ஒரு ஸ்பெஷல்" என்பார். கட்டிங் என்றால் பம்பாயில் அரை கிளாஸ் டீ. கடைசி பெஞ்சிலிருந்து யாராவது "எனக்கும் ஒண்ணு" என்பான். கூட்டம் அங்கேயே அவர் மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவ்வளவு பேசியவர் சொந்த ஊரில் மட்டும் இதைப்பற்றி வாய் திறந்ததில்லை. மாதா தேர் என்றால் சரவெடி உண்டு. அதனால் முந்தின நாளே கொல்லை மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார். ஏன் என்று சொல்லவில்லை. ஊர் தானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டது: பம்பாய்த் திமிர்.

"மேடம், எங்க ஊர்ல ஒரு தபா பேசணும்" என்று ஒருநாள் அவராகவே கேட்டார். "அங்க சொல்லாம மத்த எடத்துல எல்லாம் சொல்லிக்கினு திரியறது நாடகம் ஆடற மாதிரி இருக்குது."

அந்தக் கூட்டத்தன்று காலை விழுப்புரம் கல்லூரியில் பேசிவிட்டு எங்களோடு வேனில் ஏறியவர், திண்டிவனம் தாண்டும்வரை எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தார். ஒலக்கூர் எல்லையில் பேச்சு நின்றது. "இன்னிக்கி விட்டா அப்பறம் இந்த ஊர்ல வாயத் தொறக்க மாட்டேன் தம்பி" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

3. மரியாதை

வெடி வேண்டாம் என்று மேடம் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருந்தார். சாமியார் பூசையிலும் அறிவித்திருந்தார். ஆனால் வரவேற்புப் பொறுப்பு சவரியுடையது. ஆரோக்கியசாமியின் அக்கா மகன். சவரி பிற்பாடு சொன்ன நியாயம் இது: "வேணாம்னு சொல்றதுதான மரியாத? வேணாம்னு சொன்னா வுட்டுடறதா? வர்றவன் போறவனுக்கெல்லாம் வெடிக்கிறோம், எங்க மாமாவுக்கு வெடிக்கலன்னா நாங்க எல்லாம் இன்னாத்துக்கு?"

கோயில் மைதானத்தில் நான் செட்டைப் பூட்டி முடித்தேன். வேனில் உட்கார்ந்திருந்தவர் கையில் கார்ட்லெஸ்ஸைக் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். சாயங்கால வெயில் ஹாரனின் வாயில் மஞ்சளாக வழிந்தது. அவர் கால் மண்ணில் பட்டதும் சவரி பத்தாயிரம் வாலாவைப் பற்ற வைத்தார்.

அப்புறம்தான் அந்த மூச்சு.

"ஆஃப் பண்ணுங்க, பாவம், ஆஃப் பண்ணுங்க" என்று மேடம் ஓடிவந்தார். நான் பாதி இறக்கிவிட்டேன். அப்போது ஹாரனில் குரல் வந்தது.

"தம்பி, மைக்க அணைக்காத. கேக்குதா?"

மேடை மைக்கை எடுத்துச் சொன்னேன், "கேக்குது அண்ணே."

"ரெண்டு கட்டிங், ஒரு ஸ்பெஷல்."

குரல் நேராக வரவில்லை. நான் வால்யூமை முழுசாக ஏற்றினேன். அதற்குள் சவரி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மாலையோடு, மாமா பதுங்கியிருந்த வேனுக்கு அடியில் புகுந்துவிட்டார். பதற்றத்தில் மாமா கையிலிருந்த மைக்கை அவர் கவனிக்கவே இல்லை.

"மாமா, வெளிய வாங்க. வெடி தீந்துபோச்சி."

"தெரியும் மாப்ள. காதுக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல."

"ஊரே பாக்குது மாமா."

"பாக்கட்டும்டா. கொட்டாயில ஒளிஞ்சிக்கினு இருந்தேன், ஒருத்தரும் பாக்கல. இன்னா பேரு வெச்சீங்க?"

"தேருக்குத் தேரு காணாமப் போனது இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

"திமிருன்னு இல்ல சொல்லிக்கினு இருந்தாங்க."

"சொல்லிக்கினு இருந்தாங்களா? மொதல்ல சொன்னதே நீதானடா."

மைதானம் சிரித்தது.

"மாமா, அது மைக்கா?"

"ஆமாம்."

"ஆன்ல இருக்குதா?"

"வேப்பமரத்துல கேளு."

அந்தச் சிரிப்பில் அவர் குரல் நேராயிற்று. வெளியே வரவில்லை. மல்லாந்து படுத்தபடியே பேசினார். தட்டிலிருந்த டீ, பறந்த கிளாஸ், ஊர் வந்த பிறகு டயர் வெடித்தாலும் மடங்கும் முட்டி. "பம்பாய்ல இடிஞ்ச கட்டடத்தக் கூட திரும்பக் கட்டிட்டாங்க. முடிஞ்சிப் போச்சின்னு என் முட்டிக்கு மட்டும் யாரும் சொல்லல" என்றார். பெண்கள் மேடைக்கு முன்னிருந்த நாற்காலிகளைத் தூக்கி வந்து வேனைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்கள். நான் போட்ட மேடை கடைசிவரை காலியாகவே இருந்தது. மேடைக்கும் சேர்த்துத்தான் வாடகை என்று மேடத்திடம் சொன்னேன். முறைத்தார்.

கிளம்பும்போது அந்த வரவேற்பு மாலை வேனின் கியர் கம்பியில் தொங்கியது. சவரியின் முதுகெல்லாம் கிரீஸ்.

4. இன்னும் சற்று நேரத்தில்

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு: காதர் பாய் சொன்னது சரி, கை வால்யூமில் இருக்கட்டும். ஆனால் தப்பான சத்தம் என்று நீங்கள் நினைப்பதை இறக்கும் முன் ஒரு மூச்சு கேளுங்கள். சில சமயம் கூட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து வந்த மாதா தேருக்கும் செட் என்னுடையதுதான். சொல்லிவிட்டு வெடித்தால் தாங்கலாம் என்று ஆரோக்கியசாமி சொன்னாராம். சவரி மைக்கைப் பிடித்தார். "நம்ம ஆரோக்கியசாமி மாமா அவர்களின் கவனத்துக்கு, இன்னும் சற்று நேரத்தில் வெடி வெடிக்கப்படும்." ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு அறிவிப்பு. சாமியாரே சலித்துக்கொண்டார்.

ஆரோக்கியசாமி கொல்லைக்குப் போகவில்லை. என் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு தேர் பார்த்து நின்றார். கடைசிச் சரத்துக்கு முன், இடம் போதாது, வேனை ஓரமாக எடுக்கலாமா என்று கேட்டேன்.

குனிந்து ஒருமுறை அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க வேணா நிக்கறேன் தம்பி. வேன மட்டும் எடுத்துடாத."